கிளவுட் செயலிகளைக் கண்காணித்தல்: பதிவு, வழக்கம், எச்சரிக்கை

கிளவுட் செயலியின் பாதுகாப்புக் கண்காணிப்பு என்பது, பிறர் நடத்தும் தரவு மையத்தில் இணையம் வழியாக இயங்கும் ஒரு செயலிக்குள் யார் நுழைந்தார்கள், எதைப் பார்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்பதை இடைவிடாமல் பதிந்து வைத்து, அந்தப் பதிவுகளில் வழக்கத்துக்கு மாறானதை இனங்கண்டு, நடவடிக்கை எடுக்கும் அதிகாரமுள்ளவரிடம் காலம் கடக்குமுன் சேர்ப்பிக்கும் வேலையைக் குறிக்கும். இம்மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். ஆனாலும் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் இனங்காணும் கருவிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். தேர்வறையிலும் பணியிடத்திலும் விடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதற்படிதான். அதாவது, சம்பவம் நடப்பதற்கு முன்பே எதைப் பதிய ஏற்பாடாகியிருந்தது என்பதுதான். பதியப்படாத நிகழ்வை எந்தக் கருவியாலும் பின்னர் மீட்டெடுக்க முடியாது.

ஐ.எஸ்.சி.2 அமைப்பு நடத்தும் சி.சி.எஸ்.பி. தேர்வின் ஆறு பகுதிகளில், நான்காவதான கிளவுட் செயலிப் பாதுகாப்புக்கு 17 விழுக்காடும், ஐந்தாவதான கிளவுட் பாதுகாப்புச் செயல்பாடுகளுக்கு 16 விழுக்காடும் 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் ஒதுக்கப்பட்டன. கண்காணிப்பு இவ்விரண்டிலும் விரவிக் கிடக்கிறது. அந்தச் சான்றிதழைப் பெற, தகவல் தொழில்நுட்பத்தில் ஐந்தாண்டு அனுபவமும் அதற்குள் தகவல் பாதுகாப்பில் மூன்றாண்டு அனுபவமும் தேவை என்பதால், சேத்தியாத்தோப்பு, நெய்வேலி, சிதம்பரம் வட்டாரங்களில் அண்மையில் பொறியியல் முடித்தவர்கள் காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் தேர்விலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். அத்தேர்வின் 701 பதிப்பிலும் பாதுகாப்புச் செயல்பாடுகள் என்ற பகுதிக்கே மிக அதிகமாக 28 விழுக்காடு ஒதுக்கப்பட்டுள்ளது. இந்த அத்தியாயம் இரு தேர்வுகளுக்கும் பொதுவான அடிப்படையை, இயன்றவரை அந்த வட்டாரத்து எடுத்துக்காட்டுகளைக் கொண்டே விளக்குகிறது.

யாருடைய பொறுப்பு

கிளவுட் சேவையில் பாதுகாப்புப் பொறுப்பு, சேவை தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் பிரிந்து கிடக்கிறது. இதுவே பகிர்ந்த பொறுப்பு எனப்படுகிறது. வெறும் கணினியையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்கு எடுக்கும் ஐ-ஆஸ் முறையில், இயங்குதளம் தொடங்கி அதற்கு மேலுள்ள அனைத்தையும் வாடிக்கையாளரே கண்காணிக்க வேண்டும். செயலியை ஏற்றி இயக்க ஆயத்தமான மேடை தரப்படும் பாஸ் முறையில் இயங்குதளத்தின் பதிவுகள் வாடிக்கையாளர் கையை விட்டுப் போகும். முழுச் செயலியும் சந்தாவாகக் கிடைக்கும் சாஸ் முறையிலோ, சேவை தருபவர் காட்டச் சம்மதிக்கும் பதிவுகள் மட்டுமே மிஞ்சும். எந்த முறையிலும் வாடிக்கையாளரை விட்டு நீங்காதவை இரண்டு: தரவும், அதை அணுகும் பயனர் கணக்குகளும். ஆகவே, யார் எந்தத் தரவைத் தொட்டார் என்பதைக் கவனிக்கும் கடமையும் வாடிக்கையாளரை விட்டு நீங்குவதில்லை.

தானாகக் கிடைக்கும் பதிவும் கிடைக்காத பதிவும்

லாக் எனப்படும் நிகழ்வுப் பதிவுகளில் இரண்டு அடுக்குகளைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். ஒரு சர்வரை உருவாக்குதல், ஓர் அனுமதியை மாற்றுதல், ஒரு பயனரைச் சேர்த்தல் போன்ற நிர்வாகச் செயல்கள் ஓர் அடுக்கு; சேமிப்பிடத்தில் உள்ள கோப்பைத் திறத்தல், தரவுத்தளத்தில் ஒரு வரியைப் படித்தல் போன்ற தரவுச் செயல்கள் மற்றோர் அடுக்கு. முதல் அடுக்கைப் பெரிய நிறுவனங்கள் கேட்காமலேயே பதிகின்றன. இரண்டாவதை, அளவும் செலவும் மிகும் என்பதால், பெரும்பாலும் கேட்டால்தான் பதிகின்றன. அமேசானின் கிளவுட்டிரெயில் சேவை நிர்வாகச் செயல்களின் வரலாற்றை 90 நாட்களுக்குத் தானாக வைத்திருக்கும். ஆனால் எஸ்3 சேமிப்பிடத்திலிருந்து ஒரு கோப்பை யார் எடுத்தார் என்ற பதிவைத் தனியாக இயக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. கூகுள் கிளவுடில் நிர்வாகப் பதிவுகள் 400 நாட்கள் தங்கும்; தரவைப் படித்தவர் யார் என்ற பதிவோ, பிக்குவெரி தவிர்த்த பெரும்பாலான சேவைகளில் தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருக்கும். தரவு திருட்டைப் பற்றிய வினாக்களில் இந்த இடைவெளிதான் சோதிக்கப்படுகிறது: பூட்டை மாற்றியவர் பதிவில் இருப்பார், பொருளை எடுத்துச் சென்றவர் இருக்கமாட்டார்.

இந்த இடைவெளியின் விலையை உலகம் 2023-ல் பார்த்தது. ஸ்டார்ம்-0558 என்று பெயரிடப்பட்ட குழு, திருடப்பட்ட மைக்ரோசாஃப்ட் கையொப்பச் சாவி ஒன்றைக் கொண்டு அமெரிக்க அரசுத் துறைகள் உட்பட 22 அமைப்புகளின் கிளவுட் மின்னஞ்சல்களைப் படித்துவந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது சேவை தந்த நிறுவனமல்ல, வாடிக்கையாளரான அமெரிக்க வெளியுறவுத் துறை; அத்துறையின் கண்காணிப்பு மையம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த விதியொன்று, அஞ்சல்கள் வழக்கமற்ற முறையில் திறக்கப்படுவதை ஜூன் 15 அன்று சுட்டிக்காட்டியது. அந்த விதிக்கு வேண்டிய பதிவு, கூடுதல் கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே அன்று கிடைத்துவந்தது என்பதால், அதை வாங்காத அமைப்புகளுக்குத் தங்கள் அஞ்சல் படிக்கப்பட்டதைத் தாமாகக் கண்டறியும் வழியே இருக்கவில்லை. பின்னர் மைக்ரோசாஃப்ட் அப்பதிவுகளைப் பொதுவாகத் திறந்துவிட்டதுடன், அவை தங்கும் காலத்தையும் 90 நாட்களிலிருந்து 180 நாட்களாக உயர்த்தியது. பாதுகாப்புப் பதிவு என்பது வசதியுள்ளவர் வாங்கும் ஆடம்பரமாக இருக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

பதிவு இருந்தும் பார்வை இல்லாத நிலை

இதற்கு நேர்மாறான பாடத்தை அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி 2019-ல் பெற்றது. இணையச் செயலியின் முன் நிறுத்தப்படும் வாஃப் என்னும் தடுப்புச் சுவர் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால், வெளியிலிருந்து வந்த ஒருவர் அச்சுவரைக் கொண்டே உட்புற முகவரி ஒன்றுக்கு வேண்டுகோள் அனுப்பவைக்க முடிந்தது. தான் செல்ல முடியாத இடத்துக்குச் சர்வரைத் தூதாக அனுப்பும் இத்தாக்குதல் எஸ்.எஸ்.ஆர்.எஃப். எனப்படுகிறது. அமேசான் சர்வர்கள் ஒவ்வொன்றும் தம்மைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறும் 169.254.169.254 என்ற முகவரியிலிருந்து தற்காலிகச் சாவிகள் வெளிவந்தன. அச்சாவிகளுக்குத் தேவைக்கு மிஞ்சிய அனுமதி இருந்ததால் 700-க்கும் மேற்பட்ட சேமிப்புத் தொகுதிகளைப் பட்டியலிடவும் நகலெடுக்கவும் முடிந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேரின் விவரங்களும் கனடாவில் 60 லட்சம் பேரின் விவரங்களும் வெளியேறின.

இந்த நிகழ்வில் கற்க வேண்டியது தாக்குதலின் நுட்பத்தைவிடக் கால வரிசையைத்தான். நகலெடுத்தல் நடந்தது மார்ச் 22, 23 ஆகிய நாட்களில்; வங்கிக்குத் தெரியவந்தது, ஜூலை 17 அன்று வெளியாள் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலால். தொகுதிகளைப் பட்டியலிடச் சொன்ன கட்டளையும், அது அடையாளம் மறைக்கும் வலையமைப்புகள் வழியாக வந்ததும் வங்கியின் பதிவுகளிலேயே இருந்தன. புலனாய்வாளர்கள் பின்னர் அவற்றைக் கொண்டே வழக்கைக் கட்டினார்கள். ஆக, ஏறத்தாழ நான்கு மாதங்கள் சான்று கையிலேயே இருந்திருக்கிறது. ஒரு தடுப்புச் சுவரின் அடையாளம் சேமிப்பிடத்தைப் பட்டியலிடுவது அதன் அன்றாட வேலையல்ல என்ற ஒரே ஒரு விதி எழுதப்பட்டிருந்தால் அன்றே எச்சரிக்கை ஒலித்திருக்கும். அமெரிக்க வங்கி ஒழுங்குமுறை அமைப்பு 2020 ஆகஸ்டில் 8 கோடி டாலர் அபராதம் விதித்தது.

வழக்கம் எது என்று அறிதல்

வழக்கத்துக்கு மாறானதைக் கண்டறிய வழக்கம் எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். தேர்வுமொழியில் இது அடிப்படை அளவு எனப்படுகிறது. வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் 47.50 அடி என்பதும், சேத்தியாத்தோப்பு வழியாகச் சென்னைக் குடிநீருக்கு நாள்தோறும் எவ்வளவு நீர் போகிறது என்பதும் அப்பகுதி மக்களுக்கு நாளிதழ்ச் செய்தியாகவே தெரியும். வடகிழக்குப் பருவமழையில் மட்டம் ஒரே நாளில் உயர்ந்தால் எவரும் வியப்பதில்லை. மதகு எதுவும் திறக்கப்படாத ஒரு கோடை நாளில் மட்டம் சரசரவென்று இறங்கினால் அணைக்கட்டு ஊழியர் உடனே கரையைப் பார்க்கக் கிளம்புவார். எண் ஒன்றுதான், பருவமும் மதகின் நிலையும் தெரிந்தவருக்கே அது எச்சரிக்கையாகிறது.

செயலிகளுக்கும் பருவம் உண்டு. எடுத்துக்காட்டாக, கரும்பு நடவுப் பதிவையும் வெட்டு உத்தரவையும், அதாவது விவசாயிகள் கட்டிங் ஆர்டர் என்று சொல்வதையும், எடைமேடைச் சீட்டையும் கிளவுடில் இயங்கும் ஒரே செயலியில் நடத்தும் சர்க்கரை ஆலை ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளலாம். அரவை இல்லாத மாதங்களில் அச்செயலி பகலில் மட்டும் சில நூறு வேண்டுகோள்களைப் பெறும். அரவை தொடங்கியதும் வண்டிகள் வரிசையில் நிற்கும் அதிகாலையிலேயே ஆயிரக்கணக்கில் வேண்டுகோள்கள் குவியும். அரவை இல்லாத மாதங்களின் அளவை வழக்கமாகக் கொண்டு விதி எழுதியவர், அரவையின் முதல் வாரத்திலேயே பொய் எச்சரிக்கைகளில் மூழ்கிப்போவார். அதனால் சலிப்புற்று எச்சரிக்கையின் வரம்பை மிக உயர்த்திவிட்டால், உண்மையான ஊடுருவல் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிடும். தேவையற்ற எச்சரிக்கைகளால் காவலர் கவனம் மரத்துப்போவது எச்சரிக்கைச் சோர்வு எனப்படுகிறது; அதற்கு மருந்து விதிகளைக் குறைப்பது அல்ல, விதிக்குள் பருவத்தையும் நேரத்தையும் பயனரின் பணியையும் சேர்ப்பதே.

நேரத்தைப் பற்றி ஒரு குறிப்பு இங்கேயே இடம்பெற வேண்டும், ஏனெனில் பயிற்சி பெறுபவர்கள் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இது. கிளவுட் பதிவுகள் உலகப் பொது நேரத்திலேயே எழுதப்படுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் செல்கிறது. பதிவில் 22.30 என்று இருப்பதை இரவு பத்தரை என்று படித்து, அலுவலகம் பூட்டியபின் யாரோ எடைமேடைக் கணக்கைப் பயன்படுத்திவிட்டார் என்று பதறினால், உண்மையில் அது மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு முதல் வண்டி எடை போடப்பட்ட நிகழ்வாக இருக்கும்.

அதே கற்பனைச் செயலியில் மற்றோர் ஆபத்தையும் பார்க்கலாம். செயலிகள் ஒன்றோடொன்று பேசும் வாயிலான ஏபிஐ, ஒரு விவசாயியின் பதிவெண்ணைப் பெற்றுக்கொண்டு அவருடைய டன் கணக்கையும் வங்கிக் கணக்கையும் திருப்பித் தருகிறது என்றும், கேட்பவர் அந்தப் பதிவெண்ணுக்கு உரியவர்தானா என்று சரிபார்க்க மறந்துவிட்டது என்றும் கொள்வோம். முறைப்படி உள்நுழைந்த ஒருவர் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் வட்டாரத்து விவசாயிகள் அனைவரின் விவரங்களும் அவர் கைக்கு வரும். ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் ஏபிஐ ஆபத்துப் பட்டியலில் 2019, 2023 ஆகிய இரு பதிப்புகளிலும் முதலிடம் பெற்றிருப்பது இந்தப் பிழைதான். இங்கே வாஃப் வாய்திறக்காது, ஏனெனில் ஒவ்வொரு வேண்டுகோளும் ஒழுங்கான வடிவில் வருகிறது. மறுப்பைக் குறிக்கும் 403 என்ற குறியீட்டை எண்ணிக்கொண்டிருக்கும் விதியும் பேசாது, ஏனெனில் சர்வர் ஒவ்வொன்றுக்கும் வெற்றியைக் குறிக்கும் 200 என்றே விடையளிக்கிறது. கிளவுட் நிறுவனத்தின் பதிவுக்கு விவசாயி என்றால் யார் என்றே தெரியாது. ஒரே கணக்கு ஒரு மணி நேரத்தில் பல நூறு பேரின் ஏட்டைத் திறந்தது என்பதைக் காட்டக்கூடியது, யார் யாருடைய ஏட்டைக் கேட்டார் என்று செயலியே எழுதிவைக்கும் பதிவு மட்டுமே. அந்த வரியை எழுத வேண்டும் என்று செயலியை உருவாக்கும்போதே முடிவெடுக்க வேண்டும். கண்காணிப்பு, இயக்கத்துக்கு வந்தபின் ஒட்டப்படும் வேலையல்ல, வடிவமைப்பின் பகுதி என்று பாடத்திட்டம் வற்புறுத்துவதன் பொருள் இதுவே.

நிர்வாகக் கணக்கு

தமிழ்நாட்டில் 2024 மே மாதத் தொடக்கத்தில், காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் வெளியார் நுழைந்த செய்தி வெளியானது. நிர்வாகக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு களவு போயிருப்பதாக முதற்கட்ட ஆய்வில் தெரிகிறது என்றும், அக்கணக்கால் பயனர் அடையாளங்களை உருவாக்கவும், நடந்த தேடல்களின் எண்ணிக்கை போன்ற சிலவற்றைப் பார்க்கவும் மட்டுமே இயலும் என்றும் காவல்துறை விளக்கமளித்தது. மாணவர் இதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். தேவையான அளவுக்கு மட்டுமே அதிகாரம் தருதல் என்னும் கொள்கை, சேதத்தின் எல்லையை எப்படிச் சுருக்குகிறது என்பது ஒன்று. மற்றொன்று, புதிய பயனரை உருவாக்கும் அதிகாரம் சிறியதாகத் தோன்றினாலும் கண்காணிப்பில் முதல் வரிசையில் வைக்கப்பட வேண்டியது என்பது. களவுபோன ஒரு கணக்கை மூடிவிடலாம், அக்கணக்கு பெற்றெடுத்த கணக்குகளை யாரும் எண்ணி வைத்திருக்காவிட்டால் கதவு திறந்தே கிடக்கும். இரண்டாவது அடையாளச் சோதனை இல்லாத நிர்வாக நுழைவு, புதிய கணக்கு உருவாக்கம், அனுமதி உயர்வு, பதிவை நிறுத்தும் கட்டளை ஆகிய நான்கும் எண்ணிக்கை பாராமல் ஒரே ஒருமுறை நடந்தாலும் எச்சரிக்கை தரவேண்டியவை.

கருவிகள்

கருவிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். வாஃப், இணைய வேண்டுகோளின் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தடுக்கும். ஏபிஐ நுழைவாயில், அடையாளத்தைச் சரிபார்த்து வேண்டுகோள்களின் வேகத்துக்கு வரம்பிடும். டாம் எனப்படும் தரவுத்தளக் கண்காணிப்பு, தரவுத்தளத்துக்குச் செல்லும் வினவல்களைக் கவனிக்கும். காஸ்பி, நிறுவனத்தின் ஊழியர்களுக்கும் அவர்கள் பயன்படுத்தும் சாஸ் சேவைகளுக்கும் இடையில் நின்று, அனுமதியின்றிப் பயன்படுத்தப்படும் சேவைகளையும் வெளிப்படுத்தும். ‘நிழல் தகவல் தொழில்நுட்பம்’ என்ற சொல் வினாவில் வந்தால் விடை பெரும்பாலும் காஸ்பிதான். சீம், இவை அனைத்தின் பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்துத் தொடர்புபடுத்தும். சோர், சீம் தரும் எச்சரிக்கைக்கு முன்பே எழுதிய நடைமுறைப்படி தானாகச் செயல்படும்.

பதிவைக் காத்தல்

ஊடுருவியவர் அடுத்துத் தேடுவது தன் தடயத்தை அழிக்கும் வழியை என்பதால், பதிவுகள் செயலி இயங்கும் கணக்கிலேயே இருத்தல் கூடாது. வேறொரு கணக்கில், எழுதலாம் ஆனால் திருத்தவோ அழிக்கவோ இயலாது என்ற பூட்டுடன் வைக்கப்பட வேண்டும். கிளவுட்டிரெயில் பதிவுக் கோப்புகளுக்கு ஹாஷ் என்னும் கைரேகை போன்ற சரிபார்ப்பு மதிப்பைக் கணக்கிட்டுத் தருகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடுவதால், நீதிமன்றத்தில் பதிவின் நம்பகத்தன்மையை நிறுவ அது உதவும். பதிவில் எதை எழுதக்கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். ட்விட்டர் நிறுவனம் 2018 மே 3 அன்று, பயனர்களின் பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் உட்புறப் பதிவொன்றில் எழுதப்பட்டதைக் கண்டறிந்து, 33 கோடிப் பயனர்களிடமும் பாஸ்வேர்டை மாற்றும்படி கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பாஸ்வேர்டு, நுழைவுச் சாவி, ஆதார் எண் ஆகியவை பதிவுக்குள் வராமலோ மறைக்கப்பட்டோ இருக்க வேண்டும். இல்லையெனில் காவலுக்கு வைத்த ஏடே களவுக்குரிய பொருளாகிவிடும்.

இந்தியச் சட்டம் கேட்பது

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, இணையப் பாதுகாப்புச் சம்பவம் ஒன்று கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது. தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் கிளவுட் சர்வர்களையும் செயலிகளையும் பாதிக்கும் நடவடிக்கைகள் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளன. பதிவுகளை 180 நாட்களுக்குப் பேண வேண்டும், கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்பனவும் அதிலுள்ளன. 90 நாள் வரலாற்றைத் தானாக வைத்திருக்கும் ஒரு சேவையை அப்படியே விட்டுவிடும் இந்திய நிறுவனம், எந்தத் தாக்குதலும் நிகழாமலேயே ஆணையை மீறிய நிலையில் இருக்கிறது என்பது இவ்விரு எண்களையும் அருகருகே வைத்தால் விளங்கும். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளோ பதிவுகளை ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. அவற்றின் முதன்மைக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருந்தாலும், இப்போது வடிவமைக்கப்படும் செயலிக்கு ஓராண்டையே அளவாகக் கொள்வது தக்கது.

வெளியிலிருந்து வரும் தகவலும் கவனத்துக்கு வந்ததாகவே கணக்கிடப்படும். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இணைந்திருந்த ஒரு கணினியில் தீநிரல் இருப்பதை 2019 செப்டம்பர் 4 அன்று தெரிவித்ததும் செர்ட்-இன் தான். மின்நிலைய இயக்க அமைப்புகள் தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை என்று இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது. அனல்மின் நிலையங்களைச் சார்ந்து வாழும் நெய்வேலி போன்ற நகரியத்தில் படிப்பவருக்கு, அலுவலக வலையையும் இயந்திர வலையையும் பிரித்துக் காட்டும் அந்த எல்லைக்கோடு பாடநூல் வரைபடமாக மட்டும் தோன்றாது.

வினாவை அணுகுதல்

தேர்வு வினாக்களில் ‘முதலில்’, ‘மிகச் சிறந்த’ போன்ற சொற்களே விடையைத் திருப்பும். ஒரு மாதிரி வினா இவ்வாறு அமையலாம்: சாஸ் முறையில் ஊதியச் செயலியைப் பயன்படுத்தும் நிறுவனத்தில், மூன்று மாதங்களுக்கு முன் யார் ஊதியக் கோப்பைத் தரவிறக்கினார் என்று அறிய வேண்டியுள்ளது, சேவை தருபவரிடம் அந்தப் பதிவு இல்லை, இது நேராமலிருக்க எது மிகச் சிறந்த வழியாக இருந்திருக்கும்? காஸ்பியை நிறுவுதல், சீம் வாங்குதல், ஊழியர்களின் பாஸ்வேர்டை வலுவாக்குதல், ஒப்பந்தத்தில் பதிவின் வகையையும் தங்கும் காலத்தையும் எழுதிப் பெறுதல் ஆகிய நான்கும் தெரிவுகளாகத் தரப்பட்டால், முதல் மூன்றும் நல்ல வேலைகளே. காஸ்பியால் ஒரு பகுதியைப் பார்த்திருக்கவும் முடியும். ஆனால் சாஸ் முறையில் பதிவு பிறப்பது சேவை தருபவரின் இடத்தில் என்பதால், கையொப்பமிடும் நாளிலேயே கேட்டுப் பெற்றிருக்க வேண்டிய நான்காவதே விடை.